வரைபடத்தில் இல்லாத வீடுகள்

தீப்பற்றி ஓர் ஊர் எரிந்ததென்று கேள்விப்படும்போது நம்மவர் வாயில் முதலில் வரும் சொல் ‘விதி’ என்பதாகும். ஆங்கிலச் சட்ட நூல்களைப் புரட்டினாலோ, வெள்ளம், புயல், இடி முதலியவற்றுக்கு அங்கே ‘கடவுள் செயல்’ என்று பெயரிட்டிருக்கக் காணலாம். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. ‘இதற்கு எவரும் பொறுப்பாளியல்லர்’ என்பதே அப்பொருள். நன்று. ஆனால், ஒரே நகரில் பெருகிய வெள்ளம் மேட்டிலுள்ள மாளிகையின் வாயிற்படியையும் நனையாமல் விட்டு, ஆற்றங்கரைக் குடிசைகளை மாத்திரம் வாரிக்கொண்டு போவதேன்? ஒரே நாளில் வீசிய காற்று, கல் வீட்டுத் தெருவைக் கடந்து சென்று ஓலைக் குடிசைகள் ஆயிரத்தைச் சாம்பலாக்குவதேன்? ஏழையையும் செல்வனையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் கண் விதிக்கு உண்டாயின், அக்கண்ணை அதற்குக் கொடுத்தவர் யாவர் என்று வினவுவது அறிவுடையோர் கடமையன்றோ?

இவ்வினாவை நான் புத்தகத்தில் கற்றுக்கொண்டேனில்லை. ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் நான். பெரட்டுக் களத்தில் பேர் போடுவதும், செக்ரோலை எழுதுவதும், கூலிக் கணக்கைச் சரிபார்ப்பதும் என் தொழில். எங்கள் ஆபீஸ் சுவரில் தோட்டத்தின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. சாலைகள், கால்வாய்கள், ஆலை, லயங்கள் யாவும் அதில் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. கீழ் லயத்துக்கும் அப்பால், ஓடைக் கரையில், வேலையிலிருந்து ஓய்ந்தவர்களின் குடும்பங்கள் பலகையும் தகரமும் கொண்டு கட்டிக்கொண்ட சில வீடுகள் உண்டு. அவை மட்டும் அந்த வரைபடத்தில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவில் ஓடை பெருகி அவ்வீடுகளுள் புகுந்தது. மறுநாள் நஷ்டக் கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வரைபடத்தில் கண்ட எண்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினேன். அப்போது, முழங்கால்வரை சேறு படிந்த ஒரு மூதாட்டி முன்னே வந்து, “கிராணி ஐயா, எங்க வீடு எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கேட்டார். என் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவுமில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அம்மூதாட்டிக்கு நான் பட்ட கடனேயாகும்.

நகரங்களின் ஓரத்தில் பட்டா இன்றி, அனுமதி இன்றி, தம் கையாலேயே வீடு கட்டி வாழும் ஏழை மக்களுக்குத் தீயும் வெள்ளமும் ஓயாத பகையாகும். அப்பகையினின்று அவர்களைக் காப்பது எவ்வாறு என்பதை நம் கண்ணெதிரே நிகழ்ந்த சரித்திரம் ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

கம்பங்கள் தோன்றிய வகை

சிங்கப்பூரின் சரித்திரத்தை நோக்குக. 1947-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அத்தீவில் 938,144 மக்கள் இருந்தனர். 1957-இல் அத்தொகை 1,445,929 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சம் மக்கள் கூடினர். இவர்கள் தங்க வீடு எங்கே? நகரின் நடுவில் சீனர் பகுதிக் கடைவீடுகளில் ஓர் அறையைப் பலகையாலும் துணியாலும் பல கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் ஒரு குடும்பம் படுத்து எழுந்தது. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடிகளுக்கு நிழலாயிற்று. ஆனால் புதிய வாடகை வீடு கட்ட முதலாளிகள் முன்வராமற் போனதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. சர்க்கார் தரப்பில் வீடு கட்ட 1927-இல் ஏற்படுத்தப்பட்ட சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம், தன் முப்பத்திரண்டு ஆண்டு வாழ்நாளில் கட்டி முடித்த வீடுகள் சுமார் 23,000 மட்டுமே.

ஆகவே மக்கள் தமக்குத் தாமே வழி தேடினர். நகர எல்லையை ஒட்டிய சதுப்பு நிலங்களிலும், பழைய சீன இடுகாட்டு மேடுகளிலும், தனியார் விட்டுவைத்த தரிசுகளிலும் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக வீடுகள் எழுந்தன. நிலத்துக்குரியவனுக்குச் சிறு தரை வாடகை செலுத்தியவர் பலர். அதுவும் செலுத்தாதவர் சிலர். அனுமதியின்றிக் கட்டியதை உத்தியோகஸ்தர் பகலில் இடிப்பர். இரவில் அது மீண்டும் எழும். இப்படி எழுந்தவையே நாம் கம்பங்கள் என்று சொல்லும் குடியிருப்புகள். நகரவாசிகள் அவற்றை அழுக்கின் இருப்பிடமென்றும், குற்றவாளிகளின் ஒளிவிடமென்றும் பழித்தனர். ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் கப்பல் துறையிலும், மர ஆலையிலும், தெருக் கடையிலும் உழைத்து அந்நகரத்தையே தாங்கி நின்றவர்கள். வீட்டுப் பின்புறத்தில் கோழியும் பன்றியும் வளர்த்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். கையில் காசில்லாத நாளில் அண்டை வீட்டாரிடம் அரிசி வாங்கலாம். இச்சலுகை நகரின் எந்த வங்கியிலும் கிடைப்பதன்று.

நிப்பா ஓலை காய்ந்தால் எளிதில் தீப்பற்றக் கூடியது. வீட்டோடு வீடு ஒட்டிய சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையாது. குழாய்களோ அரிது. அடுப்பும் மண்ணெண்ணெய் விளக்குமே அன்றாட வெளிச்சமும் சமையலும். தீ நேர்வதற்கு வேண்டிய யாவும் ஒருங்கே கூடியிருந்தன என்று சொல்லலாம். புக்கிட் ஹோ சுவீ என்னும் பகுதி 1934-இலேயே ஒருமுறை எரிந்தது. 1958-இல் கம்போங் கூ சாய் எரிந்தது. 1959 பிப்ரவரியில் கம்போங் தியோங் பாரு எரிந்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர்.

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர் யாவர்? அங்கே குடியிருந்தவர்களே. கம்பத்து இளைஞர்கள் தாமே தொண்டர் தீயணைப்புக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். வாளியும் குழாயும் சேர்த்து வைத்தார்கள். வெயில் மிகுந்த நாட்களில் இரவில் முறைவைத்துச் சுற்றி வந்தார்கள். எந்தச் சந்தில் முடவர் இருக்கிறார், எந்த வீட்டில் எண்ணெய்ப் பீப்பாய் இருக்கிறது, எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நகரின் எந்த ஆபீஸிலும் இல்லாத வரைபடம் அவ்விளைஞர்களின் நெஞ்சில் இருந்தது. மர வீட்டுவாசிகளுக்கென்று சங்கமும் இருந்தது. வீடுகளை இடிக்க வந்தபோது அது வாதாடிற்று. ஆனால் இச்சங்கங்களைச் சர்க்கார் நோக்கிய கண் அரசியல் ஐயத்தின் கண்ணாகவே இருந்தது. நாட்டுப்புறவாசிகளின் சங்கங்கள் சில 1963-இல் கலைக்கப்பட்டன.

1961 மே 25

அன்று ஹஜ்ஜுப் பெருநாள், விடுமுறை தினம். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின், கம்போங் தியோங் பாருவின் மேட்டுப் பகுதியில் புகை எழுந்தது. பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழுந்தன. அங்கிருந்து அதற்கடுத்த கூரைக்குத் தாவின. தீ சாலையையும் தாண்டிப் புக்கிட் ஹோ சுவீயினுள் புகுந்தது. விடுமுறை என்பதால் வெளியே சென்றிருந்த தீயணைப்பு வீரர்களைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. சாமான்களைத் தலையில் சுமந்து ஓடுவோரும் வேடிக்கை பார்க்க வருவோரும் சாலையை அடைத்துக்கொண்டனர். குழாய்களில் தண்ணீரின் வேகம் போதவில்லை. கிடங்குகளில் இருந்த எண்ணெய்ப் பீப்பாய்கள் வெடித்தன. தொண்டர் குழுவினரின் வாளிகளும் அன்று எந்தப் பயனும் தரவில்லை.

இரவு வந்தபோது சுமார் 100 ஏக்கர் நிலம் கரியாகிக் கிடந்தது. 2,200-க்கும் மேற்பட்ட அத்தாப்பு வீடுகள் அழிந்தன. நால்வர் மாண்டனர். வீடிழந்தோர் சுமார் 16,000 பேர். சிங்கப்பூரின் சரித்திரத்தில் அதனினும் பெரிய தீ விபத்து இல்லை. இத்தனை பெருந்தீயில் மாண்டோர் நால்வரே என்பது சிந்திக்கத் தக்கது. பகற்பொழுதாயிருந்தது ஒரு காரணம். பிள்ளைகளையும் கிழவர்களையும் எந்தச் சந்தின் வழியே வெளியேற்றுவது என்பது அண்டை அயலார்க்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணமே என்பது என் துணிபு.

பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. உணவும் உடையும் பணமும் பல இனத்தாரிடமிருந்தும் வந்து குவிந்தன. சர்க்காரும் விரைந்து இயங்கிற்று. முன்னாண்டில், அஃதாவது 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி, டிரஸ்டுக்குப் பதிலாக வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் என்பார். எரிந்த நிலத்தைச் சர்க்கார் தன் வசமாக்கியது. குடிகள் எரிந்து வெளியேறிவிட்டதனால் வெற்றிடமாகி விலை ஏறிய நிலத்தின் ஆதாயத்தை நிலவுடைமையாளர் அடையலாகாது என்ற கருத்தில், அத்தகைய நிலத்துக்குரிய ஈட்டுத் தொகையைக் குறைத்துச் சட்டமும் திருத்தப்பட்டது. ஏழையின் சாம்பல் மீது செல்வன் இலாபம் காண்பதைத் தடுத்த இச்சட்டத்தை நான் மனமாரப் போற்றுவேன். அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. வீடிழந்தோரில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் செங்கல்லும் சிமெண்டும் கொண்ட வீடுகளில் குடியேறினர். 1960 முதல் ஐந்தாண்டுகளில் கழகம் கட்டிய வீடுகள் 50,000-க்கும் அதிகம். முப்பத்திரண்டு ஆண்டில் 23,000, ஐந்தாண்டில் 50,000. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், மனம் இருந்தால் சர்க்காரால் எவ்வளவு இயலும் என்பதை உணர்வர்.

கேட்கப்படாத வாய்கள்

இதனோடு கதையை முடித்துக்கொண்டால் அது வெற்றிக் கதையாகவே முடியும். சிமெண்டு வீட்டில் கூரைவிட்டுக் கூரை தாவும் தீ இல்லை. குழாயில் நீர் உண்டு. விளக்குக்கு மின்சாரம் உண்டு. இவற்றைக் குறைத்துப் பேசுவோன் ஓலைக் குடிசையில் ஓரிரவும் படுத்திராதவனாகவே இருப்பான். ஆயினும் சரித்திரம் எழுதப் புகுந்தவன் கணக்கின் இரு பக்கங்களையும் எழுதக் கடமைப்பட்டவன். வரவை எழுதினோம், செலவையும் எழுதுவோம்.

புதிய வீட்டின் மாத வாடகை ஓர் அறைக்கு 20 வெள்ளி. ஈரறைக்கு 40 வெள்ளி. மூவறைக்கு 60 வெள்ளி. தவணை தவறாமல் மாதந்தோறும் வாடகை செலுத்தி அறியாத குடும்பங்களுக்கு இது புதிய பாரம். அடுக்குமாடியில் பன்றி வளர்க்க இயலாது; காய்கறி பயிரிட இயலாது. வீட்டு வாசலில் தையலோ தச்சோ செய்து பிழைத்தவனுக்கு வாசலே இல்லாமற் போயிற்று. நாற்பதாண்டு அண்டை வீட்டார் வேறு வேறு மாடிகளில் பிரிந்தனர். இவற்றில் எதற்கும் மாற்று வழி காண இயலாதென்று நான் எண்ணவில்லை. திட்டம் தீட்டும் மேசையில் கம்பத்தைச் சேர்ந்த ஒருவர்க்கேனும் நாற்காலி இருந்திருக்குமாயின், வாசலில் தொழில் செய்வோருக்குக் கீழ்த் தளத்தில் இடம் வேண்டும் என்ற சொல் அங்கே எழுந்திருக்கும். ஆனால் திட்டமிட்டவர்கள் பொறியியலாளரும் உத்தியோகஸ்தருமே. இரவு முறைவைத்துக் கம்பத்தைக் காத்த இளைஞர்களை ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று எவரும் கேட்கவில்லை.

இதன் விளைவு மற்றொரு வடிவிலும் தோன்றியது. ‘நிலத்தைக் காலி செய்யச் சர்க்காரே தீயை வைத்தது’ என்ற வதந்தி ஒன்று அம்மக்களிடையே எழுந்து, பல்லாண்டுகள் ஓயாது உலவியது. புக்கிட் ஹோ சுவீ தீயைப் பற்றி 2013-இல் விரிவான நூல் வெளியிட்ட சரித்திர ஆசிரியர் லோ கா செங், முதியோரை நேரில் கண்டு பேசி இவ்வதந்தியின் ஆழத்தையும் ஆராய்ந்திருக்கிறார். தீ எவ்வாறு தோன்றியதென்பது உறுதிப்படவே இல்லை. சர்க்கார் வைத்தது என்பதற்கு ஆதாரமும் இல்லை. நான் அதை நம்பவும் இல்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். தமக்கு வீடு கொடுத்த கையையே தமக்குத் தீ வைத்த கையென்று மக்கள் ஐயுறக் காரணம் யாது? இடிக்க வந்தபோது மட்டுமே அக்கையை அவர்கள் கண்டிருந்தார்கள். கலந்து பேச அது ஒருநாளும் நீண்டதில்லை. இவ்வாறிருக்க, தீக்குப் பின்னே அது வீட்டுச் சாவியை நீட்டியபோது ஐயம் எழுந்ததில் வியப்பென்ன?

பாங்காக்கில் நடந்தது

அவ்வாறு கலந்து பேசி ஊர் அமைப்பது நடவாத காரியம், அது கனவு என்று கூறுவோர் உளர். அவர்கள் சயாம் நாட்டுத் தலைநகருக்குப் போய்வரட்டும்.

பாங்காக்கில் போன் காய் என்ற நெருக்கமான ஏழைக் குடியிருப்பு ஒன்று உண்டு. நிலம் அரசகுடும்பச் சொத்து நிர்வாகத்துக்கு உரியது. 2001-இல் அங்கே பெருந்தீ மூண்டு பல வீடுகள் எரிந்தன. வழக்கமாக இத்தகைய தீயின் மறுநாள் நிலக்காரர் வேலி போடுவர், குடிகள் சிதறுவர். போன் காயில் குடிகள் சிதறவில்லை. சேமிப்புச் சங்கமாகக் கூடிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டனர். நிலத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கேளாது, சங்கத்தின் பெயரால் 30 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றனர். கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து தம் தெருக்களைத் தாமே மறுபடி வகுத்தனர், சந்துகளை அகலப்படுத்தினர், வரிசை வரிசையாக மாடி வீடுகளை அமைத்தனர். ஒரு பகுதி கட்டி முடிந்ததும் அடுத்த பகுதியார் அதில் குடியேறுவர். அவர்கள் காலி செய்த இடத்தில் அடுத்த வரிசை எழும். எவரும் நகரின் எல்லைக்கு அப்பால் துரத்தப்படவில்லை. வேலைக்குப் போகும் வழியும் பிள்ளைகளின் பள்ளியும் மாறவில்லை.

2000-இல் அந்நாட்டுச் சர்க்கார் சமுதாய அமைப்புகளின் வளர்ச்சிக்கென ஒரு நிலையத்தை நிறுவியிருந்தது. 2003-இல் அதன் வழியே ‘பான் மன்கோங்’, அஃதாவது ‘உறுதியான வீடு’, என்ற திட்டம் முதலில் பத்து இடங்களில் தொடங்கிற்று. போன் காய் அவற்றுள் ஒன்று. சர்க்கார் தானே வீடு கட்டிக் கொடுக்காமல், குடிகளின் சங்கத்துக்குக் கடனும் மானியமும் தந்தது. எங்கே, எவ்வாறு, யாருக்கு என்பதைச் சங்கத்தார் முடிவு செய்தனர். தீயை மறந்திராத மக்களே தெருவை வகுப்பார்களானால், தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்தை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

கராச்சி கூறும் எச்சரிக்கை

பாங்காக்கில் மக்களும் சர்க்காரும் கை கோத்தனர். மக்கள் தம் பங்கைச் செய்து முடித்தும் சர்க்கார் கை விலகினால் யாது நேரும் என்பதைக் கராச்சி காட்டும். அங்கே பகை தீயன்று. சாக்கடையும் மழை வெள்ளமுமே.

நகரின் மேற்கே ஒராங்கி என்னும் பெருங்குடியிருப்பு இருக்கிறது. லட்சக்கணக்கான ஏழைகள் அனுமதியற்ற மனைகளில் வீடு கட்டிக்கொண்ட இடம். 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியார் அங்கே சென்று, ஒராங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். அவர் முதலில் செய்தது சந்து சந்தாக நடந்து, ‘உங்கள் முதல் துன்பம் எது?’ என்று கேட்டதேயாகும். ‘சாக்கடை’ என்றனர் மக்கள். சர்க்கார் முறையில் அமைத்தால் செலவு எட்டாத உயரத்தில் இருந்தது. காண்ட்ராக்டரின் இலாபத்தையும் கைலஞ்சத்தையும் நீக்கி, வேலையை எளிதாக்கினால் அச்செலவு பன்மடங்கு குறையும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். சந்துக்கு இருபது முப்பது வீடுகள். அவர்கள் தமக்குள் ஒருவரைத் தேர்ந்து பணம் திரட்டுவர். தாமே பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பர். வீட்டுக் கழிப்பிடமும் சந்துச் சாக்கடையும் மக்கள் பொறுப்பு. பெருங்கால்வாயும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் சர்க்கார் பொறுப்பு. இப்பங்கீட்டின்படி 90,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தம் சொந்தச் செலவில் சாக்கடை பெற்றன.

அதைவிட மேலான காரியம் ஒன்றும் அங்கே நடந்தது. உள்ளூர் இளைஞர்கள் அளவைக் கருவிகளைக் கையாளக் கற்று, தம் குடியிருப்பையும் பின்னர்க் கராச்சியின் பிற ஏழைக் குடியிருப்புகளையும் சந்து சந்தாக அளந்து வரைபடம் தீட்டினர். மழைநீர் ஓடும் இயற்கைக் கால்வாய்கள் எங்கே, எவரால் அடைக்கப்பட்டன என்பது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. இப்பணியை முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைப் பெண்மணி. நிலம் யார் பெயரில் யார் கைக்குப் போகிறது என்பதையும் அவர் பதிந்து வந்தார். 2013 மார்ச் 13-ஆம் தேதி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழையின் வீட்டை வரைபடத்தில் குறிப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2020 ஆகஸ்டில் கராச்சியில் பெருமழை பெய்து நகரமே நீரில் ஆழ்ந்தது. மறுவருடம் சர்க்கார், குஜ்ஜர் கால்வாய், ஒராங்கி கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இருந்த வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தது. அவற்றுள் சில முறையான குத்தகைப் பத்திரம் பெற்றவை. ஐக்கிய நாட்டு மனித உரிமை நிபுணர்கள் 2021 ஜூனில் இதனைக் கண்டித்தனர். கால்வாயைத் திறக்க வேண்டியது உண்மையே. ஆனால் அக்கால்வாய்களை அளந்து வரைந்தவர்களே அம்மக்கள். எவ்வளவு அகலம் வேண்டும், எவ்வீடு நகர வேண்டும், நகர்ந்தால் எங்கே போக வேண்டும் என்று அவர்களோடு அமர்ந்து முடிவு செய்வதை விடுத்து, இடிக்கும் யந்திரத்தை முதலில் அனுப்பினார்கள். வெள்ளத்துக்கு அஞ்சி ஓடியவர்களை நீதியின் பெயரால் மறுபடியும் வெள்ளத்தில் தள்ளியது போலாயிற்று.

நமக்கு என்ன?

இவை அயல்நாட்டுக் கதைகள், நமக்கு என்ன என்று நேயர்கள் எண்ணலாகாது. 1950-களிலும் 1960-களிலும் மலாயாவின் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், பின்னாளில் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோதும், லயத்தை இழந்த நம்மவர் எங்கே போயினர்? கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆற்றங்கரையிலும் இருப்புப்பாதை ஓரத்திலும் புறம்போக்கு வாசிகளாயினர். 1971 ஜனவரியில் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது ஆற்றோரக் குடிசைகளே முதலில் மூழ்கின. காட்டை அழித்து ரப்பர் நட்டவன் பிள்ளைக்கு, அந்நாட்டில் நனையாத மூலை ஒன்று கிடைக்கவில்லை. அவனும் இன்னும் பல இனத்து ஏழைகளும் அக்கரையில் ஒன்றாகவே நனைந்தனர்.

ஆகவே இச்சரித்திரங்களிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில. முதலாவது, எண்ணிக்கை. எவன் பெயர் பதிவில் இல்லையோ அவனுக்குக் காப்பும் இல்லை, ஈடும் இல்லை. குடியிருப்பவர்களே தம் வீடுகளை எண்ணி, தம் சந்துகளை வரைந்து, தண்ணீர் ஏறும் அளவையும் தீ பரவும் திசையையும் குறித்து ஆபீஸில் சேர்க்க வேண்டும். ஆபீஸ் அதனை ஏற்க வேண்டும். இரண்டாவது, நிலத்தில் உறுதி. நாளைக்கு இடிப்பார்கள் என்று அஞ்சுபவன் இன்றைக்குக் கல் சுவர் எழுப்ப மாட்டான், ஓலையையே வேய்வான். பட்டா இல்லாமையே பல தீக்களின் முதற்பொறி. மூன்றாவது, பொறுப்பில் பங்கீடு. சந்து மக்களுடையது, பெருங்கால்வாயும் பெருஞ்சாலையும் தண்ணீர்க் குழாயும் சர்க்காருடையவை. மக்கள் தம் பங்கைச் செய்கிறார்கள் என்று கூறிச் சர்க்கார் தன் பங்கை மறக்கலாகாது. நான்காவது, ஆற்றின் வயிற்றிலேயே வீடு அமைந்து, நகர்ந்தேயாக வேண்டுமெனில், எங்கே, எப்போது, எவரோடு நகர்வது என்பதை நகர்கிறவரே கூட இருந்து முடிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூர் வேகத்தைக் காட்டியது. பாங்காக் கலந்து பேசும் முறையைக் காட்டியது. கராச்சி, இரண்டில் ஒன்று குறைந்தால் வரும் கேட்டைக் காட்டியது. வேகமும் வேண்டும், கலந்து பேசுதலும் வேண்டும். ‘பேசிக்கொண்டிருந்தால் அடுத்த தீ வந்துவிடும்’ என்று அவசரப்படுவோருக்கு ஒரு வார்த்தை. புக்கிட் ஹோ சுவீ 1934-இல் எரிந்தது, 1961-இல் எரிந்தது, எஞ்சியிருந்த குடிசைகள் 1968-இல் மீண்டும் எரிந்தன. முதல் தீக்கும் இரண்டாம் தீக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் இருந்தன. பேசுவதற்கு நேரம் இல்லாமற் போகவில்லை. பேச அழைப்பார் இல்லாமற் போயினர்.

அந்த வெள்ளத்துக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓடைக் கரைக்குப் போனேன். அம்மூதாட்டி முன்னே நடந்தார். தண்ணீர் முதலில் ஏறும் இடம், அடுத்து ஏறும் இடம், ஒருபோதும் ஏறாத மேடு ஆகியவற்றைக் கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டினார். வீட்டுக்கு ஒரு கட்டமாகப் பதினொரு கட்டங்கள் வரைந்தேன். அத்தாளை ஆபீஸ் வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு இன்னும் எவரும் எண் இட்டு ஒப்பமிடவில்லை. ஆனால் அடுத்த முறை கணக்கு எழுதுகிறவன், அவன் நானாயினும் வேறொருவனாயினும், அவ்வீடுகள் தன் கண்ணில் படவில்லை என்று சொல்ல இயலாது.